யார் அந்த ஐம்பத்துநாலு?

“கட்டின பொண்டாட்டியோட நிம்மதி வெறும் முப்பத்தெட்டாயிரம்தானா அண்ணா? இன்னும் கொஞ்சம் கூட்டி விலை வச்சிருக்கலாமே!”

கவுன்ட்டர் மேல் பளபளத்த இரண்டு குழாய்களை அவள் முறைத்தாள். கணவனின் மலைப்பாதை பைக்குக்கு மாட்ட வேண்டிய புது முன் ஃபோர்க்; முன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குலுக்கலை வாங்கிக்கொள்ளும் ஸ்பிரிங் குழாய்கள். பழையது ஆயில் கக்க ஆரம்பித்து ஒரு மாதமாகிறது. ஞாயிறு தவறாமல் அவனை மலைக்கு இழுத்துக்கொண்டு போகும் அந்த வண்டிக்கு வீட்டில் அவள் வைத்திருந்த பெயர், ‘இளையவள்’.

“நான் மட்டும் போய்ட்டு வரேனே” என்று அவன் குழைந்ததே சந்தேகமாகப் பட்டதால், பின்சீட்டில் தொற்றிக்கொண்டு வந்துவிட்டாள். அவன் பணம் எடுக்க ஏடிஎம்முக்குப் போயிருந்தான்.

“இது சல்லிசும்மா,” கடைக்காரர் சிரித்தார். “இறக்குமதி சரக்கு தொண்ணூறாயிரம். சார் போன வாரம் வந்து ரெண்டையும் தடவித் தடவிப் பார்த்துட்டு, இதுவே போதும்னுட்டார். ஓட்டப் போறவங்க மெலிசான ஆளாம்.”

“யாரு, அவரா? எண்பத்திரண்டு கிலோ அண்ணா!”

கடைக்காரர் ஆர்டர் தாளைப் புரட்டினார். “ஓட்டறவங்க எடைக்குத் தக்கபடிதாம்மா உள்ளே ஸ்பிரிங் போடுவோம். இதுல ஐம்பத்துநாலுன்னு எழுதியிருக்காரே! சீட்டைக்கூட ரெண்டு இஞ்ச் இறக்கச் சொன்னார்...” பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் ஸ்டூலில் பொத்தென்று உட்கார, ஸ்டூல் முனகியது.

ஐம்பத்துநாலு! ஞாயிற்றுக்கிழமைக் கோஷ்டியில் ஒரு போட்டோக்காரி உண்டு. ஊதினால் பறந்துவிடும் உடம்பு. போன வாரப் படத்தில் இவர் ஹெல்மெட்டை அவள்தான் பிடித்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் இவள் கைக்கு அந்த ஹெல்மெட் வந்தது, துடைப்பதற்கு மட்டும்.

கணவன் நோட்டுகளை எண்ணியபடி உள்ளே வந்தான்.

“யாருங்க அந்த ஐம்பத்துநாலு?”

“எ... எது?”

“நடிக்காதீங்க. அந்த போட்டோக்காரிதானே? ஸ்பிரிங் வரைக்கும் அளவெடுத்தாச்சு! என் செருப்பு அளவு தெரியுமா உங்களுக்கு?”

“அந்தம்மாவுக்குச் சொந்தமா வண்டி இருக்குடி!”

“அப்ப யாருக்கு? இப்பவே தெரியணும். இல்லே, நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். நீங்க ஏழு நாளும் மலையிலேயே குடியிருங்க!”

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். “கெடுத்தியே காரியத்தை! ‘உங்களுக்கு மட்டும்தான் மலையா’ன்னு நீதானே வருஷக்கணக்கா குத்திக்காட்டறே? இந்த வண்டி இனிமே உனக்குத்தான். பொறந்தநாள் அன்னிக்குச் சொல்லலாம்னு இருந்தேன். எடையைக் கேட்டா சண்டைக்கு வருவியேன்னு, போன வருஷம் இன்ஷூரன்ஸ் பாரத்துல நீ உன் கையால எழுதினதைப் பார்த்து அப்படியே கொடுத்தேன்.”

என்ன எழுதினோம் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது. முகம் பூவாய் மலர்ந்து, அடுத்த நொடியே வெளிறியது.

பார்சல் நிறுக்கும் மெஷினைக் கடைக்காரர் அவள் காலடிக்குத் தள்ளினார். “எதுக்கும் ஒரு தடவை ஏறிடுங்கம்மா. ஸ்பிரிங்கைப் பூட்டிட்டா வாபஸ் கிடையாது.”

ஏறினாள். கணவன் மரியாதையாகக் கூரையைப் பார்த்தான்.

பாரத்தில் எழுதிய வரவு ஐம்பத்துநாலு; முள் காட்டியது எழுபத்தொன்று; பாக்கி, பதினேழு.