பாறைமேல் நடந்தவள்

"கத்துங்க நெவில், நல்லாக் கத்துங்க! உங்க குரல் கேட்டாலே அவங்களுக்குத் தெம்பு வரும்," என்றாள் ரேஞ்சர் கிளெண்டா.

நெவில் வாயருகே கையைக் குவித்து, "ஷெரில்! ஷெரில்!" என்று கத்தினார். சிவப்புப் பாறைகளில் மோதி அவர் குரலே திரும்பி வந்தது. வேறு சத்தமே இல்லை.

கிளெண்டா வண்டியை விட்டு இறங்கி, மணலில் பதிந்திருந்த காலடித் தடத்தைக் குனிந்து பார்த்தாள். இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பாலைவனத் தேசியப் பூங்காவில் தொலைந்தவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கிறவள். நெவிலும் மனைவி ஷெரிலும் கூடாரம் போட்ட இடத்திலிருந்து அந்த அம்மாள் காணாமல் போய் இது இரண்டாவது நாள். கையில் ஒரே ஒரு தண்ணீர் பாட்டில். வெயிலோ நாற்பத்து மூன்று டிகிரி. இன்று சாயங்காலத்துக்குள் கிடைக்காவிட்டால் அப்புறம் பிணம்தான். அதை இந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது?

"பறவை பாத்துட்டு வர்றேன்னு விடியக்காலையில போனா," என்றார் நெவில், பத்தாவது தடவையாக. "எனக்கு அவளை விட்டா யாருங்க இருக்கா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்க்கக் கிளெண்டாவுக்குப் பாவமாக இருந்தது.

அந்தத் தடம் வேறு அவளைப் போட்டு அரித்தது. வழி தப்பினவர்கள் சுற்றிச் சுற்றி வருவார்கள். வண்டிப்பாதை கண்ணில் பட்டால் விழுந்தடித்து ஓடி வருவார்கள். ஷெரிலின் காலடி பாதை ஓரம் வரைக்கும் வந்து, சட்டென்று திரும்பிப் போயிருந்தது. அப்புறம் வெகுதூரம் பாறைமேலேயே. பாறை முடிந்து மணல் தொடங்கிய இடத்தில் காலடியே இல்லை. எதையோ இழுத்துக்கொண்டு போன மாதிரி வெறும் கோடுகள்.

"என்னங்க இது? டிங்கோ காட்டுநாய் ஏதும் இழுத்துட்டுப் போயிருச்சா?"

"டிங்கோவாவது, இவ்வளவு பெரிய ஆளை இழுக்கிறதாவது!" என்றாள். சொல்லிவிட்டு, அந்தக் கோடுகளை மறுபடியும் குனிந்து பார்த்தாள். "நேத்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊர்லேர்ந்து வந்த தேடுதல் விமானம் ரெண்டு தடவை இங்கதான் சுத்துச்சு. ஒரு துணியைக்கூட யாரும் ஆட்டலையே, ஏன்?"

"வெயில்ல புத்தி கலங்கியிருக்கும், பாவம்."

கோடுகள் ஒரு பாறை இடுக்கின் முன்னால் போய் முடிந்தன.

"நீங்க வண்டி நிழல்லயே நில்லுங்க. நீங்களும் மயங்கி விழுந்தா ரெண்டு பேரை என்னால தூக்க முடியாது," என்று சொல்லிவிட்டு, தண்ணீர்ப் பையோடு கிளெண்டா மேலே ஏறி இடுக்கில் நுழைந்தாள்.

உள்ளே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஷெரில். உதடு வெடித்து, முகமெல்லாம் புழுதி. ஆனால் கண் அசைந்தது. உயிர் இருந்தது!

"நெவில்! கிடைச்சுட்டாங்க! உயிரோட இருக்காங்க, ஓடி வாங்க!"

கிளெண்டா சந்தோஷத்தில் தண்ணீர்ப் பையைத் திறந்து நீட்டினாள். ஷெரில் தண்ணீரைத் தொடவில்லை. கிளெண்டாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, ஏன் கத்துனீங்க? அவர் என்னைக் கொல்லப் பாத்தாருங்க. தடம் தெரியக்கூடாதுன்னு பாறைமேலயே நடந்து, மணல்ல கிளையை இழுத்துக் காலடியை அழிச்சுக்கிட்டே வந்தேன். விமானத்துல அவரும் இருப்பாரோன்னுதான் நேத்து முழுக்க இங்கயே ஒளிஞ்சு கிடந்தேன்."

வெளியே பாறையில் நெவிலின் பூட்ஸ் சத்தம் ஏறி வந்துகொண்டிருந்தது.