எதிர்முனை

ஜூன் பதினொன்றாம் தேதி காலை, உலகப் போட்டியின் மெட்லி தகுதிச் சுற்றில், நான்காம் தடத்தில் நீந்தியவள் குளத்தின் எதிர்முனைச் சுவரில் முழு வேகத்தில் மோதினாள். வலது கையில் இரண்டு விரல்கள் வீங்கின. ஆனாலும் கடைசி ஆளாக, மாலை இறுதிச் சுற்றுக்குத் தேறிவிட்டாள்.

முதலுதவி அறையில் நர்ஸ் அந்த இரண்டு விரல்களையும் சேர்த்துப் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டிருந்தாள். சுவரோரப் பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். அவன் முழங்கால்களுக்கு நடுவே, நுனியில் ரப்பர் பந்து செருகிய நீண்ட கம்பு.

பார்வை இல்லாதவர்களுக்குச் சுவர் நெருங்குவது தெரியாது. கரையில் நிற்பவர் சரியான நொடியில் கம்பால் தலையில் தட்ட வேண்டும். புறப்படும் முனையில் பயிற்சியாளரும் எதிர்முனையில் அண்ணனும் பல வருடங்களாக அவளுக்குத் தட்டிவருகிறார்கள்.

“பட்டர்ஃப்ளைல இம்மி பிசகாம தட்டறே. பிரெஸ்ட் ஸ்ட்ரோக் வந்தா மட்டும் உனக்கு என்னடா ஆகுது?” என்றார் பயிற்சியாளர். “கேலரியில யாரு உக்காந்திருக்கா?”

“கூட்டம் ரொம்பக் கத்திச்சு சார்.”

“கத்தினா உனக்கென்ன? அவ உன்கிட்ட வழி கேட்டுக்கிட்டா நீந்தி வர்றா?”

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“தப்பு என்னோடது சார்,” என்றாள் தங்கை. “நான்தான் கொஞ்சம் விலகி வந்துட்டேன்.”

“போன போட்டியிலயும் இதே பாட்டுதான் பாடினே. அப்போ மணிக்கட்டு, இப்போ விரலு. அடுத்தது மண்டையா?”

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. குடும்பத்தில் வழிவழியாக வரும் நோயில் சின்ன வயதிலேயே பார்வை போனது. பட்டர்ஃப்ளையில் மூன்று கண்டங்களில் மேடை ஏறியவள். அதிலும் இப்போது இளையவர்கள் முந்திவிட்டார்கள். நான்கு விதமாகவும் நீந்த வேண்டிய மெட்லியில் ஒரு பதக்கம்கூட இல்லை. இந்த முறையும் வெறுங்கையோடு வந்தால் இனி அனுப்புவதாக இல்லை என்று நீச்சல் சங்கம் சொல்லிவிட்டது.

அண்ணனும் ஒருவகையில் பிரபலம்தான். போட்டியன்று இருவரும் எல்லோருக்கும் முன்பே வந்துவிடுவார்கள். வெள்ளைக்கோலுடன் அவள் முன்னால் நடக்க, தோளில் கை வைத்து அவன் பின்னால் வருவான். குளத்தைச் சுற்றி வந்து அவன் எதிர்முனையில் நின்றுகொள்வான். பயிற்சியாளர் அவளைக் குதிக்கும் மேடைக்கு அழைத்துப் போவார். அந்தப் படத்தைப் போடாத பத்திரிகை இல்லை. ‘தங்கையின் கண்கள்’ என்று ஒன்றில் தலைப்பு.

“சாயங்காலம் நம்ம டீம் பிசியோ தட்டுவார். பேசியாச்சு,” என்றார் பயிற்சியாளர்.

“அண்ணன் நிக்கலேன்னா நான் குதிக்க மாட்டேன்.”

“பாசத்தை எல்லாம் வீட்டுல வெச்சுக்கோம்மா. சுவருக்கு அண்ணன் தங்கச்சி தெரியாது.”

“அவ குதிப்பா சார்.” அண்ணன் கம்பைப் பெஞ்சின்மேல் கிடத்தினான். “அவ மோதற சத்தத்தை இனிமே என்னால கேட்டுட்டிருக்க முடியாது.”

அவள் எழுந்துவந்து, துழாவி, அவன் கையைப் பிடித்தாள். “வா, ரூமுக்குப் போயிடலாம்.”

“நீ போய் ரெஸ்ட் எடு. நான் இங்கேயே இருக்கேன்.”

“அண்ணா...”

“இங்கேயே இருக்கேன்னு சொல்றேன்ல.”

பயிற்சியாளர் அவள் முழங்கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போனார். வாசலில் அவள் கால் நகரவில்லை.

“விடும்மா, ரோஷம். பசிச்சா தானா எழுந்து வருவான்.”

மாலையில் எதிர்முனையில் பிசியோ நின்றார். பட்டர்ஃப்ளை முடிவில் ஒரு தட்டு, பிரெஸ்ட் ஸ்ட்ரோக் முடிவில் ஒரு தட்டு. இரண்டும் சரியாக விழுந்தன. கட்டுப்போட்ட விரல்களோடு அவள் மூன்றாவதாக வந்தாள். மெட்லியில் அவளுடைய முதல் பதக்கம்.

“பாத்தியா, கண்ணு வேலையில இருந்தா கை தானா வேலை செய்யும்,” என்றார் பயிற்சியாளர்.

“அண்ணன் வந்தாச்சா சார்?”

அவர் பதில் சொல்வதற்குள் நர்ஸ் சாவிக்கொத்தோடு வந்து நின்றாள். “சார், உங்க ஆளைக் கொஞ்சம் கூட்டிட்டுப் போங்க. அறையைப் பூட்டணும். காலையிலேருந்து அதே பெஞ்சு, சாப்பிடக்கூடப் போகலை. கதவு எதிர்லதான் இருக்குன்னேன். எழுந்து நின்னவரு, மறுபடியும் உக்காந்துட்டாரு.”

“இன்னுமா கோவம் தீரலை அவனுக்கு?”

அவள் பதக்கத்தைக் கழற்றி, நாடாவை உள்ளங்கையில் சுருட்டினாள். “கோவம் இல்ல சார். பட்டர்ஃப்ளைல என் கை தண்ணியில விழற சத்தம் அண்ணனுக்குக் கேட்கும். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்ல கை தண்ணிக்குள்ளேயே போகும், கேட்காது.”

“சத்தம் எதுக்கு? பாத்துத் தட்ட வேண்டியதுதானே?”

“பாக்கறதுக்குக் கண்ணு வேணுமே சார். அண்ணனுக்கும் போயிடுச்சு.”