பேர் தெரியாத காசு

பருத்தித்துறையில் தனியே இருக்கும் ஜெபநேசன், பழைய வெள்ளிக்காசு ஒன்றைப் படம் எடுத்து, நாணயம் சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். "இது என்ன காசெண்டு ஆருக்கும் தெரியுமோ?"

நான்கு நாளாகப் போன் ஓயவில்லை. ஐந்தாம் நாள், குழுவிலிருந்த மயூரதன் பூதக்கண்ணாடியோடு அளவெட்டியிலிருந்து பஸ் ஏறி வந்தே விட்டான். ஜெபநேசன் இரண்டாவது கோப்பையின் தூசியைத் துடைத்துத் தேத்தண்ணீர் ஊற்றினார். பொழுது சாயும்வரை கதைத்தார்கள்.

"இரண்டாயிரம் வருசத்து முத்திரைக்காசு, அண்ணை."

"ஓமோ! எனக்குத் தெரியாமல் போச்சே."

புறப்படும்போது படலையடியில் மயூரதன் தயங்கினான். "இனிமேல் காசை அதைப் போட்டு வைக்கிற உறைக்கு மேலை வைச்சுப் படமெடுக்காதேங்கோ. உறையிலை நீங்களே எழுதி வைச்ச காசின்ரை பேர் தெரியுது."

ஜெபநேசனின் முகம் கறுத்தது. "குழுவிலை ஆரும் பாத்தவையோ?"

"முதல்நாளே எல்லாரும் பாத்திட்டம், அண்ணை. அடுத்த காசை எப்ப போடுவியள்?"