வெள்ளை ஸ்டிக்கர்

புத்தகக் கண்காட்சி அரங்கில் உட்கார்ந்து, தான் வடிவமைத்த நாவலின் பதிப்புரிமைப் பக்கத்தில் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள் இளவேனி. முந்தைய நூலின் பக்கத்தை அப்படியே எடுத்துப் போட்டதில், காட்டை அழிக்காமல் செய்த காகிதம் என்னும் சான்று முத்திரையும் சேர்ந்து அச்சாகிவிட்டது. இந்தக் காகிதத்துக்கு அந்தச் சான்று கிடையாது.

வாங்க வந்த பெண்மணி ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். "பழைய விலைய மறைக்கிறீங்களாக்கும்!"

முத்திரை தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. "அடடே, இதப் போயா மறைப்பாங்க? என் பொண்ணு இதப் பாத்துத்தான் வாங்குவா. ரெண்டு குடும்மா."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள் இளவேனி. "பை வேணுமாம்மா?" என்றுதான் வந்தது.

"சேச்சே," என்றார் அவர், இரண்டையும் மார்போடு அணைத்தபடி. "இத வாங்கிட்டு பிளாஸ்டிக் பையத் தூக்கிட்டுப் போனா வெக்கமா இருக்காதா?"