பதினொரு வீட்டுப்பாடங்கள்

ஓவிய ஆசிரியர் பதினொரு படங்களையும் மேசைமேல் வரிசையாகப் பரப்பிவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

எதிரே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் அவள். முழங்கால்கள் முகவாய்க்கு வந்துவிட்டன. அதில் உட்கார்ந்தால் எப்பேர்ப்பட்டவருக்கும் திருட்டுமுழி வந்துவிடும். அவளோ திருட்டுமுழியோடுதான் வந்திருந்தாள்.

மகளின் டைரியில் ஒற்றை வரிதான் எழுதியிருந்தார். அம்மா வந்து பார்க்கவும். பெற்றோர் என்றுகூட இல்லை, அம்மா. குட்டு உடைந்துவிட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

பதினொன்றும் அவள் போட்டவை.

முதலில் ஒரு மரம். பள்ளிக்கூடம் திறந்த வாரம் மகள் தாளைக் கசக்கி எறிந்துவிட்டு அழுதபோது, ‘இப்படிக் கொடு’ என்று பிரஷ்ஷை வாங்கியதில் ஆரம்பித்தது. கல்யாணத்துக்கு முன்னால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அறிவியல் நோட்டில் தவளையின் இதயம் வரைந்து கொடுத்த கை அது. மகள் பிறந்த பிறகு எட்டு வருஷமாகக் கரண்டியையும் சீப்பையும் மருந்துப் பாட்டில் மூடியையும் தவிர எதையும் பிடித்ததில்லை.

மரம் முடிந்தபோது அடுப்பில் பால் சுண்டிப் பாத்திரம் கருகியிருந்தது.

அடுத்த வாரம் படகு. அதற்கடுத்து மழையில் நிற்கும் பேருந்து. ஞாயிறு மதியமானால் மகள் வீட்டுப்பாடம் என்று தாளை நீட்டுவாள். இவள் சலித்துக்கொண்டே வாங்குவாள். நாலாவது வாரமே அந்தச் சலிப்பு நடிப்பாகிவிட்டது. சனிக்கிழமையே பிரஷ்ஷைக் கழுவிக் காயவைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

சொல்லித்தர ஆள் கிடையாது. ஈரத்தின்மேல் ஈரம் வைத்தால் நிறம் கலங்கும் என்பதைப் படகைக் கெடுத்துத் தெரிந்துகொண்டாள். நிழல் கறுப்பு இல்லை, நீலம் என்பதை ஜன்னலோரம் ஒரு முட்டையை வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தாள். சுருண்ட தாளைத் திருப்பிப்போட்டு இஸ்திரி போட்டாள்.

கடைசியாக, குழந்தை போட்ட மாதிரி இருக்க வேண்டுமே என்று, ஒவ்வொரு படத்தின் மூலையிலும் பல்லைக் காட்டும் சூரியன் ஒன்றை ஒட்டவைத்தாள். மழையில் நிற்கும் பேருந்துக்கும் அந்தச் சூரியன் உண்டு.

இப்போது பதினொரு சூரியன்கள் மேசையிலிருந்து அவளைப் பார்த்து இளித்தன.

மானம் போவதுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. இனி ஞாயிற்றுக்கிழமை வெறும் ஞாயிற்றுக்கிழமை ஆகிவிடும். துணி துவைக்கலாம், மடிக்கலாம்.

ஆசிரியர் வாய் திறப்பதற்குள் சொல்லிவிட வேண்டும்.

“தப்பு என்னோடதுதான் சார். எல்லாமே நான் போட்டது. குழந்தையை ஒண்ணும் சொல்லாதீங்க.”

ஆசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு படத்தைத் திருப்பிப்போட்டார். பின்பக்கம் பென்சிலில், மகளின் கோணல் எழுத்து: எங்கள் அம்மா வரைந்தது. ஒவ்வொன்றாகத் திருப்பினார். எல்லாவற்றிலும் அதே.

ஆண்டு விழாக் கண்காட்சியில் மாட்டட்டுமா என்று கேட்கத்தான் கூப்பிட்டாராம். எல்லாம் நன்றாக இருக்கிறது, இந்தச் சூரியன் மட்டும் எதற்கு என்று விளங்கவில்லையாம்.

அவளோ, வீட்டுப்பாடத்தை அம்மா செய்தது தப்பில்லையா என்று மட்டும் திக்கித் திக்கிக் கேட்டாள்.

“எந்த வீட்டுப்பாடம்?” என்றார் ஆசிரியர். “ஸ்கூல் திறந்தப்போ ஒரு மரம் குடுத்தேன். அதுக்கப்புறம் இந்த கிளாஸுக்கு நான் எதுவுமே குடுக்கலையே.”

திங்கட்கிழமை தவறாமல் மகள் தானாகத்தான் ஒரு படத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறாளாம். ஏன் என்று ஒரு தடவை கேட்டாராம்.

“‘அம்மா வரையறப்போ வீட்டுல யாரையும் திட்ட மாட்டாங்க சார்’னு சொன்னா.”

அவளுக்குச் சுருக்கென்றது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் அந்தக் குட்டி நாற்காலியிலேயே விழுங்கிக்கொண்டு எழுந்தாள்.

வராந்தாவில் மகள் தண்ணீர் பாட்டிலை ஆட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அம்மாவின் முகத்தை ஓரக்கண்ணால் அளந்தாள். திட்டு வரும் முகமாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

“அடுத்த வாரத்துக்குக் கடல் வரைஞ்சிட்டு வரணுமாம், அம்மா. சார் சொன்னாரு.”

அவள் மகளின் புத்தகப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“சரியா கேட்டுக்கிட்டியா? அலையோடவா, அலை இல்லாமலா?”