வியாழக்கிழமை வகுப்பு

லஸ் முனை சிக்னலில் நிற்கும்போதுதான் ராமானுஜத்துக்குத் தெரிந்தது, யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. உளவுத்துறையில் தலை நரைத்தவர். பக்கத்தில் நின்ற காரின் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். பச்சைச் சுடிதார், கறுப்புக் கண்ணாடி, முகத்தில் பாதியை மறைத்த துப்பட்டா. இளம்பெண்.

முதலில் பயமாகத்தான் இருந்தது. ஓய்வு பெற்ற அதிகாரியைத் தேடிக்கொண்டு பழைய பகை எந்த வயதிலும் வரலாம் என்று வகுப்பில் அவரே சொல்லியிருக்கிறார்.

வகுப்பு என்றதும் மனம் சுருங்கியது.

ஓய்வுக்குப் பிறகு அடையாறில் ஒரு பல்கலைக்கழகத்தில் வியாழக்கிழமைதோறும் பயங்கரவாத எதிர்ப்பு பற்றிப் பாடம் எடுத்துவந்தார். இந்த ஆண்டு மாணவர்கள் சேரவில்லை என்று அந்தப் படிப்பையே நிறுத்திவிட்டார்கள்.

மனைவி ஹம்சாவிடம் அதை அவர் சொல்லவில்லை.

வியாழக்கிழமை வந்தால் சட்டையை டக்-இன் செய்துகொண்டு, பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். நாகேஸ்வர ராவ் பூங்காவில் உட்கார்ந்து செய்தித்தாளில் வரிவிளம்பரம்வரை படித்துவிட்டு, சாயங்காலம் களைத்த முகத்தோடு வீடு திரும்புவார்.

இன்று பூங்காவுக்குப் போகவில்லை. மாடவீதிப் பக்கம் திரும்பினார்.

அவர் நின்றால் அவளும் நின்றாள். பூட்டிக் கிடந்த கடையின் ஷட்டரை உன்னிப்பாக வேடிக்கை பார்த்தாள். அடுத்த முறை குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தாள். வாரே இல்லாத செருப்பு.

ராமானுஜத்துக்குப் பயம் போய்ச் சிரிப்பு வந்தது. இவ்வளவு மோசமான ஆளை எந்த எதிரியும் அனுப்பமாட்டான்.

ஆனாலும் விட மனமில்லை. சந்தில் நுழைந்தார், வெளியே வந்தார், சாலையைக் கடந்தார், மறுபடியும் கடந்தார். முழங்கால் வலி எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ஒருமுறை கூட்டத்தில் அவள் அவரைத் தவறவிட்டுவிட்டாள். தள்ளுவண்டியில் கத்திரிக்காய் பொறுக்குவதுபோல் நின்று, அவள் வந்து சேரும்வரை காத்திருந்தார்.

கடைசியில் ஒரு பாத்திரக்கடைக்குள் புகுந்து, பக்கவாட்டு வாசல் வழியாக வெளியேறி, அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்.

“யாரைம்மா தேடறே?”

அவள் துள்ளித் திரும்பினாள். கண்ணாடியைக் கழற்றினாள். மேகலா. போன வருஷத்து மாணவி; சந்தேகம் கேட்க வீட்டுக்குக்கூட வந்து போனவள்.

“மாட்டிக்கினேன் சார்” என்றாள்.

பக்கத்து ஹோட்டலில் காபி வாங்கிக் கொடுத்தார். “யாரு அனுப்பினா?”

“அதச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க.”

இந்தப் பதிலில் அவர் உருகிப்போனார். காபி ஆறியதுகூடத் தெரியாமல் ஷட்டரில் ஆரம்பித்தார். மூடிய கடையைப் பார்க்கக் கூடாது. திறந்த கடைக்குள் போய் விலை கேட்க வேண்டும். கறுப்புக் கண்ணாடி ஆளை மறைக்காது, காட்டிக்கொடுக்கும். சர்க்கரை டப்பாவைத் தெருமுனையாகவும் இரண்டு டம்ளர்களைப் பின்தொடர்பவர்களாகவும் வைத்து, அவர்கள் எப்படி இடம் மாற்றிக்கொள்வார்கள் என்று காட்டினார். மேகலா உதட்டைக் கடித்துக்கொண்டு, கேள்விமேல் கேள்வி கேட்டாள். பக்கத்து மேஜைக்காரர்கூடத் தோசையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மந்தைவெளியில் தன் வீட்டுப் படியை இரண்டிரண்டாக ஏறினார்.

ஹம்சா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “கிளாஸ் எப்படிப் போச்சு?”

“நன்னாப் போச்சு. ஒரு பொண்ணு மட்டும் கொஞ்சம் மந்தம். போகப் போகத் தேறிடுவா.”

“மந்தமெல்லாம் ஒண்ணுமில்லை” என்றாள் ஹம்சா, கீரையிலிருந்து தலையை நிமிர்த்தாமல். “‘ரொம்பக் கெட்டிக்காரத்தனமாப் பண்ணிடாதேடி, அவர் கண்டுபிடிக்கணும்’னு நான்தான் அவகிட்டச் சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் அவளுக்குப் பரீட்சையாம், வேற பொண்ணு வரா. அவளையாவது சீக்கிரமாப் பிடிச்சுடுங்கோ. வெயில் தாங்கலை, பாவம்.”