பதினோரு பெட்டி

"முப்பத்தேழு ரூபா எட்டணா, முதலாளி. மூணு மாசக் கூலி. வாங்காம படியிறங்க மாட்டேன்."

பழைய பிலிம் கழுவுகிறவர் இப்படிக் குரலை உயர்த்தி அந்த ஸ்டுடியோவில் யாரும் கேட்டதில்லை. கீறல் விழுந்து ஓட்ட முடியாமல் போன ஊமைப் படங்களைச் சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டி, வெள்ளியைப் பிரித்துக் கொடுப்பது அவர் தொழில். விரல் நுனியெல்லாம் தோலுரிந்து கிடந்தது. எதைக் கழுவுவது, எதை வைப்பது என்று பிரிப்பதும் அவர்தான். பெட்டி மேல் ஒட்டிய சீட்டைப் படிக்கத் தெரியாது. ஆனால் சுருளை வெளிச்சத்தில் பிடித்துக் கீறலைக் கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

முதலாளி நிமிரவில்லை. ஸ்டுடியோவின் முதல் பேசும் படம், குடும்பக் கதை, இருந்த ஒரே பிரதி, பதினோரு பெட்டியும் கிடங்கிலிருந்து மாயமாகிவிட்டது. அது கிடைக்கும்வரை யாருக்கும் காலணா கிடையாது என்றார். கிடங்குக் காவல்காரனை நேற்றே விரட்டியாயிற்று என்றும் சொன்னார்.

காவல்காரன் கழுவுகிறவருடைய மச்சான். அந்தப் பேச்சு வந்ததும் கூலி மறந்துபோயிற்று.

"பசிச்சாலும் அடுத்தவன் தட்டைப் பாக்காதவன் அவன். என் தங்கச்சி தெருவுல தலைகாட்ட முடியல, திருடன் பொண்டாட்டிங்கறாங்க. காவல் காத்தவன் திருடன், உழைச்சவன் பிச்சைக்காரன். நல்லாருக்கு உங்க நியாயம்."

"அப்ப பெட்டிக்குக் கால் முளைச்சுதா?"

"முளைச்சிருக்கும். பேசக் கத்துக்கிட்ட படம், நடக்கவும் கத்துக்கிச்சோ என்னமோ."

முதலாளி முகம் சிவந்தது. இழுப்பறையைத் திறந்து, முன்பு வெட்டிப் போட்ட ஒரு சாண் துண்டை எடுத்து மேசைமேல் வீசினார்.

"மிஞ்சினது இதுதான். வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு. ஓரத்துல கோடு கோடா ஓடுதே, அதுதான்யா பேச்சு. அந்தக் கோட்டுக்காகத்தான் வீட்டையே அடகு வச்சேன்."

கழுவுகிறவர் ஜன்னல் பக்கம் திரும்பித் துண்டைத் தூக்கிப் பிடித்தார். தூக்கிய கை வெகுநேரம் இறங்கவில்லை.

"மச்சானைத் திரும்பக் கூப்பிட்டுக்குங்க, முதலாளி" என்றார் கடைசியில். "என் கூலிக் கணக்கையும் அடிச்சிடுங்க. ஓரமெல்லாம் ஒரே கீறலா இருக்கேன்னு பதினோரு பெட்டியையும் நான்தான் கழுவினேன்."